பச்சைப் பொத்தான் யாருக்குச் சொந்தம்? ஆண்ட்ராய்டும் ஐபோனும்

2009 ஜூலையில் கூகுளின் தொலைபேசிச் சேவையான கூகுள் வாய்ஸின் செயலி ஆப்பிளின் ஆப் ஸ்டோர் வாசலிலேயே நின்றுவிட்டது. அந்தச் சேவையைப் பயன்படுத்த வேறு சிலர் எழுதி, ஏற்கெனவே உள்ளே இருந்த செயலிகளையும் ஆப்பிள் வெளியே எடுத்துவிட்டது. அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, ஆப்பிள், கூகுள், ஐபோனுக்கு இணைப்பு தந்த ஏடி அண்ட் டி ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. ஆகஸ்ட் 21 அன்று ஆப்பிள் பதில் தந்தது. செயலியை நிராகரிக்கவில்லை, இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம் என்றது. கூடவே காரணத்தையும் சொன்னது: ஐபோனில் போன் பேசுகிற அடிப்படை வேலையையே இந்தச் செயலி தன் கைக்கு மாற்றிக்கொள்கிறது, ஐபோனுக்கென்று இருக்கும் அனுபவம் அதனால் மாறிவிடுகிறது.

மழுப்பலான பதில்தான். ஆனால் அதற்குள் ஒரு நேர்மையும் இருக்கிறது. போனில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், போன் பேசும் இடத்தை மட்டும் தொடாதீர்கள் என்பதே அதன் சாரம். 2010 நவம்பரில் கூகுள் வாய்ஸுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் எண்ணைத் தொட்டால் எந்தச் செயலி அழைக்க வேண்டும் என்பதை ஐபோன் வைத்திருப்பவரே தீர்மானிக்க 2024 டிசம்பரில் ஐஓஎஸ் 18.2 வர வேண்டியிருந்தது. 2009இன் அந்தப் பதிலிலிருந்து பதினைந்து ஆண்டுகள்.

ஆண்ட்ராய்டு தொடக்கத்திலேயே வேறு பாதையில் போனது. 2010 டிசம்பரில் வந்த 2.3 பதிப்பில் எஸ்ஐபி என்ற பொது நெறிமுறை வழி இணைய அழைப்பு போனுக்குள்ளேயே இருந்தது. இணையத் தொலைபேசிச் சேவை ஒன்றின் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் போன் செயலியின் அமைப்புகளில் கொடுத்துவிட்டால், வழக்கமான டயலரிலிருந்தே இணையம் வழியாகப் பேசலாம். வேறு செயலி எதுவும் வேண்டாம். இப்படி ஒரு வசதி இருந்ததே பெரும்பாலோருக்குத் தெரியாது. 2021இல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோது அதை நீக்கிவிட்டார்கள். அதற்காகப் பெரிதாக யாரும் அழுததாகத் தெரியவில்லை.

ஒரு இணைய அழைப்புச் சேவையை முதன்மை போனாக வைத்துக்கொள்வது என்றால், நடைமுறையில் மூன்று வேலைகளை அதனிடம் ஒப்படைக்கிறோம். நாம் எண்ணைத் தொட்டால் அது அழைக்க வேண்டும். மற்றவர் அழைத்தால், போன் பையில் தூங்கிக்கொண்டிருந்தாலும், அது மணியடிக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவருக்கு நம்முடைய எண் என்று ஒன்றைக் காட்ட வேண்டும். மூன்றாவது வேலை சேவையைப் பொறுத்தது, போனைப் பொறுத்ததல்ல. முதல் இரண்டில்தான் ஆண்ட்ராய்டும் ஐபோனும் வெவ்வேறு குணம் காட்டுகின்றன. பல வழிகாட்டிகள் முதல் வேலையை மட்டும் விளக்கிவிட்டு முடிந்துவிடுகின்றன. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

முதலில் வெளியே போகும் அழைப்பு. ஆண்ட்ராய்டில் 'டீஃபால்ட் போன் ஆப்' என்ற அமைப்பு 2015இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. புதிதாக வருபவர் இங்கேதான் குழம்புவார். அந்த இடத்தில் உட்காரும் செயலி சிம் அழைப்புகளையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். அழைப்பு வரும்போது எடுக்கவும் துண்டிக்கவும் காட்டும் திரை முழுக்க அதன் பொறுப்பு. இணைய அழைப்புச் சேவைகளுக்கு பெரும்பாலும் அவ்வளவு பெரிய பொறுப்பு தேவையில்லை. அவை வேறு இரண்டு வழிகளில் நுழைகின்றன. ஒன்று, சிம் ஒன்று, சிம் இரண்டு என்ற பட்டியலில் தானும் ஓர் 'அழைப்புக் கணக்காக' நிற்பது. மற்றொன்று, டயலரிலிருந்து அழைப்பு கிளம்பும் கணத்திலேயே அதைப் பிடித்துத் தன் பாதைக்குத் திருப்புவது. இப்படித் திருப்புவதற்கென்றே ஆண்ட்ராய்டு 10 ஒரு தனிப் பொறுப்பை ஏற்படுத்தித் தந்தது.

அமெரிக்காவில் கூகுள் வாய்ஸ் வைத்திருப்பவர், அதன் ஆண்ட்ராய்டு செயலியின் அழைப்பு அமைப்புகளில் இதை நேரடியாகப் பார்க்கலாம். இந்தப் போனின் சொந்த டயலரிலிருந்து கிளம்பும் அழைப்புகளை என்ன செய்யட்டும் என்று அது கேட்கும். எல்லாமே வாய்ஸ் வழியாகப் போகட்டும், வெளிநாட்டு அழைப்பு மட்டும் போகட்டும், ஒவ்வொரு முறையும் கேட்கட்டும், எதுவும் வேண்டாம் என நான்கு விருப்பங்கள். டல்லஸிலோ நியூ ஜெர்சியிலோ இருந்துகொண்டு தஞ்சாவூரிலுள்ள அம்மாவின் சாதா போனுக்கு அழைப்பவருக்கு இரண்டாவது விருப்பமே பொருந்தும். உள்ளூர் அழைப்பு சிம்மில் போகும். 91இல் தொடங்கும் எண்கள் வாய்ஸ் கணக்கில் முன்பணமாக வைத்த தொகையிலிருந்து குறைந்த கட்டணத்தில் போகும். விரலின் பழக்கம் மாறவே வேண்டாம். பழைய பச்சைப் பொத்தான், பழைய தொடர்புப் பட்டியல், உள்ளே பாதை மட்டும் வேறு. ஆண்ட்ராய்டின் பெருந்தன்மை இங்கே முழுதாகத் தெரிகிறது.

ஐபோனில் வழி சுருக்கமானது. அமைப்புகளில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் 'டீஃபால்ட் ஆப்ஸ்' என்பதைத் திறந்து, 'காலிங்' என்ற வரியில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. பட்டியலில் வருவதற்கு அந்தச் செயலி ஆப்பிளின் விதிப்படி தன்னைத் தயார்செய்திருக்க வேண்டும். 2025இல் வாட்ஸ்அப்பும் அதற்குள் வந்துவிட்டது. அதன்பின் தொடர்புப் பட்டியலிலோ இணையப் பக்கத்திலோ ஓர் எண்ணைத் தொட்டால், தேர்ந்தெடுத்த செயலி எழுந்து வரும். ஆனால் ஆப்பிளின் பச்சைப் போன் செயலியைத் திறந்து எண்களை அழுத்தினால், அது பழையபடி சிம் வழியாகத்தான் போகும். அந்த ஒரு திரையை ஆப்பிள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, ஐபோனில் வெளியே போகும் அழைப்பின் உரிமை பாதிதான் கைமாறியிருக்கிறது.

நம் ஊரில் வாட்ஸ்அப்பை அப்படித் தேர்ந்தெடுப்பவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இல்லாதவரை அது அழைக்காது. கேஸ் ஏஜென்சியின் தரைவழி எண்ணைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். இணையத்திலிருந்து சாதாரண தொலைபேசி எண்ணுக்கு அழைப்பைக் கொண்டுசேர்க்க இந்தியாவில் தொலைத்தொடர்பு உரிமம் வேண்டும். பிஎஸ்என்எல் 2018இல் 'விங்ஸ்' என்ற பெயரில், சிம் இல்லாமலே ஒரு பத்து இலக்க எண்ணை ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்கு அறிவிக்க முடிந்தது அதனால்தான். பொதுவான எஸ்ஐபி செயலி ஒன்றிலேயே அந்த எண் வேலைசெய்தது.

இனி மணியடிக்கும் வேலை.

சிம்முக்கு வரும் அழைப்பைக் கவனிக்க போனுக்குள் தனியாக ஒரு மோடம் உண்டு. போன் எவ்வளவு ஆழ்ந்து தூங்கினாலும் அது கோபுரத்தின் குரலுக்குக் காதைத் திறந்தே வைத்திருக்கும். இணைய அழைப்புச் செயலிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு செயலியும் விழித்திருந்தால் நண்பகலுக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். ஆகவே ஐபோனில் ஆப்பிளின் சேவையகமும் ஆண்ட்ராய்டில் கூகுளின் சேவையகமும் ஒரு சிறு செய்தியை அனுப்பிச் செயலியைத் தட்டி எழுப்புகின்றன. செயலி கண்விழித்து, தன் சேவையகத்தோடு இணைந்து, மணியடிக்க வேண்டும். எல்லாம் சில நொடிகளில் நடந்தாக வேண்டும். தாமதித்தால், அழைத்தவர் வைத்துவிட்டுப் போயிருப்பார்.

ஆப்பிளின் கண்டிப்பு இங்கே பயனாக மாறுகிறது. 2014இல் ஐஓஎஸ் 8 இணைய அழைப்புக்கென்றே தனி எழுப்பல் செய்தியைத் தந்தது. 2016இல் ஐஓஎஸ் 10 கால்கிட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்பின் இணைய அழைப்பு, பூட்டிய திரையிலும் சிம் அழைப்பைப் போலவே முழுத்திரையில் வருகிறது. சமீபத்திய அழைப்புப் பட்டியலில் அதே வரிசையில், செயலியின் பெயரோடு பதிவாகிறது. அந்த வரியைத் தொட்டால் அதே செயலி வழியாகவே திருப்பி அழைக்கிறது. இந்தச் சிறப்புச் செய்தியைச் சில செயலிகள் வேறு வேலைகளுக்கும் பயன்படுத்தத் தொடங்கியபோது, 2019இல் ஐஓஎஸ் 13 கதவை இறுக்கியது. அப்படி எழுப்பப்பட்ட செயலி உடனே ஓர் அழைப்பைத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் இயங்குதளம் அதை மூடிவிடும், தொடர்ந்து தவறினால் எழுப்புவதையே நிறுத்திவிடலாம். செயலி எழுதுபவர்கள் முணுமுணுத்தார்கள். பயன்படுத்துபவருக்குக் கிடைத்ததோ நம்பகமான மணி. வாசலில் வீட்டுக்காரரே நின்று, வருபவர் யாரென்று கேட்டு உள்ளே அழைத்துப்போவது போன்ற ஏற்பாடு இது. கெடுபிடி உண்டு, ஆனால் விருந்தாளி வெளியே நின்றுவிட மாட்டார்.

வீட்டுக்காரர் விரும்பினால் கதவை மூடவும் முடியும். சீன அரசின் உத்தரவால் 2018இல் அந்நாட்டு ஆப் ஸ்டோரில் கால்கிட் வசதி செயலிகளிலிருந்து நீக்கப்பட்டது.

ஆண்ட்ராய்டிலும் இதற்கிணையான கருவிகள் இருக்கின்றன. 2017இல் வந்த 8.0 பதிப்பு, இணைய அழைப்பையும் சிம் அழைப்பையும் ஒரே மேற்பார்வையில் வைத்தது. ஒன்றில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றொன்று வந்தால் இரண்டும் மோதிக்கொள்வதில்லை. ஆண்ட்ராய்டு 14, பூட்டிய திரையை முழுதாக ஆக்கிரமிக்கும் உரிமையை அழைப்புச் செயலிகளுக்கும் அலாரம் செயலிகளுக்கும் மட்டும் ஒதுக்கியது. காகிதத்தில் பார்த்தால் ஐபோனுக்கு எந்த விதத்திலும் குறைவில்லை. சிக்கல் போன் தயாரிப்பாளர்களிடம் இருக்கிறது. 6.0 பதிப்பிலேயே டோஸ் என்ற தூக்கமுறை வந்துவிட்டது. அது போதாதென்று பல நிறுவனங்கள் பேட்டரி அதிக நேரம் நிற்கிறது என்று பெயர் வாங்குவதற்காகத் தங்கள் சொந்தச் சிக்கன முறைகளையும் மேலே ஏற்றி வைத்தன. சில போன்களில், சமீபத்திய செயலிகள் பட்டியலிலிருந்து ஒன்றைத் தள்ளிவிட்டால் போதும், அதைக் கட்டாயமாக நிறுத்தியதாகவே எடுத்துக்கொள்ளும். அப்படி நிறுத்தப்பட்ட செயலியைக் கூகுளின் செய்தியாலும் எழுப்ப முடியாது. காலையில் எழுந்து செயலியைத் திறந்ததும் நான்கு மிஸ்டு கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும்.

அதனால் ஆண்ட்ராய்டில் சேவையை அமைப்பவருக்குக் கூடுதல் வேலை இருக்கிறது. செயலியின் பேட்டரி அமைப்பைக் கட்டுப்பாடற்றது என்று மாற்ற வேண்டும். 'ஆட்டோஸ்டார்ட்' என்றொரு அனுமதி தனியாக இருந்தால் அதையும் தர வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டவே பொதுவாக அனுமதி தேவை. நிறுவும்போது அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டியிருந்தால், அழைப்பு வருவது கண்ணுக்கே தெரியாமல் போகலாம். எல்லாம் முடிந்தபின் சோதனைக்கு ஒரே வழிதான். போனை இரவு முழுவதும் தொடாமல் வைத்துவிட்டு, காலையில் திரையைத் தொடுவதற்கு முன் யாரையாவது அழைக்கச் சொல்ல வேண்டும். அமைத்த கையோடு, போன் விழித்திருக்கும்போது செய்து பார்க்கும் சோதனையில் எந்தப் போனும் தேறிவிடும்.

மூன்றாவது வேலையான எண்ணைப் பற்றிச் சுருக்கமாக. கூகுள் வாய்ஸின் தனிநபர் கணக்கு அமெரிக்காவுக்குள் மட்டும்தான். எண் வாங்குவதற்கே அங்குள்ள எண் ஒன்று வேண்டும். கைவசம் இருக்கும் செல்போன் எண்ணை அதற்குள் கொண்டுவர 20 டாலர் கட்டணம். சில வங்கிகள் இணைய எண்களுக்கு ஓடிபி அனுப்புவதில்லை. சேவையே ஒருநாள் மூடப்படலாம் என்பதற்கு ஸ்கைப் சாட்சி. 2003இல் தொடங்கி, 2011இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கிய அந்தச் சேவை 2025 மே 5 அன்று நின்றுபோனது. இவற்றில் எதுவும் நீங்கள் எந்தப் போனை வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறாது.

அவசர அழைப்பிலும் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே நிலைதான். கூகுள் வாய்ஸின் தனிநபர் கணக்கிலிருந்து அமெரிக்காவின் அவசர எண்ணான 911ஐ அழைக்க முடியாது. எந்தச் செயலியை டீஃபால்ட் ஆக்கியிருந்தாலும், அவசர எண்ணை அழைக்கும்போது ஆண்ட்ராய்டு, போனோடு வந்த டயலரையே பயன்படுத்தும். நீங்கள் தேர்ந்தெடுத்த டயலர் செயலி அழைப்பின் நடுவே முடங்கிவிட்டாலும் அந்தப் பழைய டயலரே கைகொடுக்கும். ஐபோனின் பச்சைப் போன் செயலியில் அழுத்தும் எண் சிம்மை விட்டு விலகுவதே இல்லை என்பதால் இந்தக் கேள்வியே எழவில்லை. 2009இல் எனக்கு எரிச்சல் தந்த அதே பிடிவாதம் இந்த இடத்தில் நியாயமாகத் தெரிகிறது.

நாள் முழுவதும் மற்றவர்களை அழைக்கும் வேலையில் இருப்பவருக்கு ஆண்ட்ராய்டு வசதி. ஐபோன் அந்த அளவுக்கு வளைந்துகொடுக்காது. அழைப்புக்காகக் காத்திருப்பவருக்கு, அதாவது வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர், ஆர்டருக்காகப் போனைப் பார்த்திருக்கும் கடைக்காரர், இரவுப் பணி மருத்துவர் போன்றவர்களுக்கு, ஐபோனையே சொல்வேன். அழைப்பது, மணியடிப்பது என்ற இரண்டில் ஒன்றைத்தான் முதன்மை போனுக்கான தகுதி என்று சொல்ல வேண்டுமானால், நான் மணியடிப்பதையே சொல்வேன். அந்தக் கணக்கில் ஐபோன் ஒரு படி மேல். கூடுதல் சிக்கன முறைகள் இல்லாத ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு படி வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது.

எந்தப் போனாக இருந்தாலும், இருக்கும் எண்ணை இணையச் சேவைக்கு மாற்றும் முன் புதிய எண் ஒன்றை எடுத்து சில வாரம் அதில் பேசிப் பாருங்கள். எண் கைமாறியதும் பழைய நிறுவனத்திலுள்ள உங்கள் இணைப்பு பொதுவாகத் தானாகவே முடிந்துவிடும். அதற்குமுன் அவசரத்துக்கும் ஓடிபிக்கும் ஒரு மலிவான சிம்மை உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள்.