நம் காணொளி, நம் சர்வர்: சிறு நிதியில் ஒரு சமூகக் காணொளித்தளம்

2017ஆம் ஆண்டு, மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் பதிவு செய்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தைத் திரையிடத் தமிழ்நாட்டின் பல இடங்களில் காவல்துறை அனுமதி மறுத்தது. யூடியூபில் வெளியிடப்பட்ட பின்னரே அப்படம் பெருவாரியான மக்களைச் சென்றடைந்தது. அரங்கம் மறுக்கப்பட்டவர்களுக்கு இணையமே அரங்கமாயிற்று. ஆனால் அந்த அரங்கின் சாவி நம்மிடம் இல்லை. திட்டமிட்டு அனுப்பப்படும் சில புகார்களால் ஒரு சேனல் முடக்கப்படலாம். வன்கொடுமையில் ஏற்பட்ட காயங்களைக் காட்டும் பதிவு ‘வன்முறைக் காட்சி’ என வகைப்படுத்தப்பட்டு நீக்கப்படலாம். அப்போது முறையிட நமக்கிருப்பது ஓர் இணையப் படிவம் மட்டுமே.

ஆகவேதான், நமக்கென ஒரு காணொளித்தளத்தை நாமே நடத்த இயலுமா என்று மாணவர் அமைப்புகளும் வட்டார இயக்கங்களும் கேட்கின்றன. இயலும். ஆனால் முதலில் கணக்குப் போட வேண்டும். 1920 ஜனவரியில் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கக் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் அளித்தார். அவ்விதழ் நெடுநாள் நீடிக்கவில்லை. 1927இல் தொடங்கிய ‘பகிஷ்கிருத் பாரத்’ இதழும் நிதியின்றியே நின்றது. கருத்து வறண்டு நம் ஊடகங்கள் நின்றதில்லை. காசு வறண்டே நின்றன.

காணொளித்தளத்தின் செலவு எங்கே இருக்கிறது என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. படங்களைச் சேமித்து வைப்பதற்குப் பெரிய தொகை ஆகாது. அவற்றை மக்கள் பார்ப்பதற்குத்தான் ஆகிறது. நாற்பது நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1080பி தரத்தில் நொடிக்கு 5 மெகாபிட் என வைத்தால் ஒருவர் முழுமையாகப் பார்க்க 1.5 ஜிபி தரவு சர்வரிலிருந்து வெளியே செல்கிறது. 480பி தரத்தில் 800 கிலோபிட் என வைத்தால் 240 எம்பி போதும். அமேசானின் மும்பைத் தரவு மையத்தில், மாதத்தின் முதல் 100 ஜிபி நீங்கலாக, வெளிச்செல்லும் ஒவ்வொரு ஜிபிக்கும் ஏறத்தாழ 11 அமெரிக்க சென்ட் கட்டணம். ஒரு டாலர் 85 ரூபாய் எனக் கொண்டால், 5,000 பேர் அப்படத்தைப் பார்க்க உயர்தரத்தில் ஏறத்தாழ 69,000 ரூபாய் ஆகும்; குறைந்த தரத்தில் 10,000 ரூபாய்க்குச் சற்று மேல். நம் படம் பரவலாகப் பகிரப்படும் நாளே நாம் கடனாளியாகும் நாளாகவும் அமைந்துவிடும்!

இதிலிருந்து தப்ப வழியுண்டு. வெளிச்செல்லும் தரவுக்குக் கட்டணம் பெறாத சேமிப்புச் சேவையைத் தேர்ந்தெடுப்பதே அவ்வழி. கிளவுட்ஃபிளேரின் ஆர்2 சேவை அத்தகையது. அங்கே சேமிப்புக்கு ஜிபி ஒன்றுக்கு மாதம் ஒன்றரை சென்ட். மேற்சொன்ன அளவில் முந்நூறு படங்களை இரு தரங்களிலும் வைத்திருக்க மாதம் ஏறத்தாழ 650 ரூபாய் ஆகும். தளத்தை இயக்கும் சிறு சர்வருக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய். எப்படியும் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள் என்பதால் 480பி தரத்தையே இயல்பாக வைப்பது நன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபாயில் தளத்தை நடத்திவிடலாம்.

மென்பொருளுக்குச் செலவில்லை. பிரான்சின் ஃபிராமாசாஃப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு உருவாக்கிய பியர்டியூப் கட்டற்ற மென்பொருள். வெளிச் சேமிப்புச் சேவையோடும் இணைந்து இயங்கும். படங்களை மறுகுறியாக்கம் செய்யும் கனமான வேலையைச் சிறு சர்வரின் மேல் ஏற்றாமல் வீட்டுக் கணினியிலேயே முடித்துவிடலாம். ஓர் எச்சரிக்கை. பார்ப்பவர்களின் கணினிகள் தமக்குள் தரவைப் பகிர்ந்து சர்வரின் சுமையைக் குறைக்கும் வசதி பியர்டியூபில் உண்டு. செலவு குறையும் என்று பலர் அதனை விரும்புவர். ஆனால் அப்போது ஒருவரின் இணைய முகவரி, அதே படத்தைப் பார்க்கும் பிறருக்குத் தெரியவரும். சாதிய வன்கொடுமை பற்றிய படத்தை யார் பார்க்கிறார் என்பது ஊருக்குள் ஆபத்தான தகவல். அவ்வசதியை அணைத்து வைக்குமாறே நான் பரிந்துரைப்பேன்.

வழக்கறிஞராக நான் அதிகம் வலியுறுத்துவது மூலக் கோப்பைப் பற்றி. சர்வரில் ஓடுவது சுருக்கப்பட்ட பிரதி. நீதிமன்றத்திற்குத் தேவைப்படுவது கைப்பேசியில் பதிவான மூலம். மின்னணுப் பதிவின் பிரதியைச் சாட்சியமாக்கச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுக்கான சான்றிதழ்ப் படிவம், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. ஒரு பிட் மாறினாலும் அதுவும் மாறிவிடும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பப்பட்ட பதிவு சுருக்கப்பட்டு வேறொரு கோப்பாகிவிடுகிறது. ஆகவே பதிவு கைக்கு வந்த அன்றே மூலத்தை மாற்றமின்றி இரண்டு வன்தட்டுகளில் நகலெடுத்து, எஸ்எச்ஏ-256 மதிப்பைக் கணித்து, தேதியுடன் குறித்து வையுங்கள். தட்டுகள் இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. பதிவு செய்த கைப்பேசியையும் விற்றுவிட வேண்டாம்.

அதே கோப்பு பாதிக்கப்பட்டவருக்கே தீங்காகவும் முடியும். பாலியல் குற்றத்திற்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தையாயின் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். முகத்தை மறைத்துவிட்டுப் பெற்றோரின் பெயரையும் தெருவையும் சொல்லும் காணொளிகளை நாள்தோறும் காண்கிறோம். அது மறைப்பாகாது.

இனி நிதி. வெளிநாட்டு நிதியுதவி கிடைக்கும் என்று எவரேனும் சொன்னால் முதலில் வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010இன் 3ஆம் பிரிவைப் படியுங்கள். செய்தி அல்லது நடப்பு நிகழ்வுகளை ஒலி, ஒளி வடிவில் மின்னணு வழியே தயாரிக்கும் அல்லது ஒளிபரப்பும் அமைப்புகள் வெளிநாட்டுப் பங்களிப்பு பெற அப்பிரிவு தடை விதிக்கிறது. இது பதிவு பெற்றால் தீரும் சிக்கலன்று, முழுத் தடை. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பணிபுரியும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. அவரே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் நிலைமை தலைகீழ். எனவே கொடுப்பவரின் கடவுச்சீட்டு எந்நாட்டினது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முப்பதாயிரம் என்பது நூறு பேர் மாதம் இருபத்தைந்து ரூபாய் தந்தால் சேரும் தொகை. 1907இல் அயோத்திதாசர் தம் இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என விலையையே பெயராக வைத்தார். எளியவரின் கைக்கு எட்டும் தொகையே அவ்விதழின் அடையாளம். வங்கி தரும் க்யூஆர் அட்டை வழியே வரும் யுபிஐ தொகைக்குக் கட்டணப் பிடித்தம் இல்லை. நிதி திரட்டித் தரும் இடைத்தளங்கள் பிடித்தம் செய்யும். பணம் தனிநபர் கணக்கில் சேரக் கூடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் ஏழு பேர் கூடிச் சங்கம் பதிவு செய்து அதன் பெயரில் கணக்குத் தொடங்குங்கள். நன்கொடையாளர் பட்டியலை வெளியிட வேண்டாம், ஆனால் பராமரியுங்கள்.

தோழர்கள் அனுப்புவதைத் தேர்ந்து நீங்களே வெளியிட்டால் உள்ளடக்கத்திற்கு நீங்களே பொறுப்பு. எவரும் பதிவேற்றலாம் என்று திறந்துவிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவுப் பாதுகாப்பு கிடைக்கலாம். ஆனால் 2021 விதிகளின்படி குறைதீர் அலுவலரை அறிவித்து, குறித்த காலக்கெடுவுக்குள் புகார்களுக்கு விடையளிக்க வேண்டும். சிறு குழுவுக்கு முதல் வழியே ஏற்றது. யூடியூபை முற்றாகக் கைவிடவும் தேவையில்லை. அது கடைவீதி, நம் தளம் களஞ்சியம். இன்டர்நெட் ஆர்கைவிலும் ஒரு பிரதி வைக்கலாம், ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம். திரைப்படத் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் 2017 ஆகஸ்டில் அத்தளமே இந்தியாவில் முடக்கப்பட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவின் தளம் அரசாலோ ஆதிக்கச் சாதியினராலோ மூடப்படவில்லை. தளப்பெயரைத் தன் மின்னஞ்சலில் பதிந்திருந்த தோழர் வேலை கிடைத்து வெளியூர் சென்றார், எண்ணையும் மாற்றிக்கொண்டார். புதுப்பிப்பு நினைவூட்டல்களை எவரும் பார்க்கவில்லை. ஆறு ஆண்டுகளின் நேர்காணல்கள் இருந்த முகவரியில் பின்னர் சூதாட்ட விளம்பரம் வந்தது. தளப்பெயரைச் சங்கத்தின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதியுங்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கான மாதாந்திரத் தானியங்கிக் கட்டணங்கள், 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்த பின் பல அட்டைகளில் தோல்வியடைகின்றன. இயன்றவற்றுக்கு ஓராண்டுத் தொகையை முன்னதாகவே செலுத்திவிடுங்கள். கடவுச்சொற்களும் மீட்புக் குறியீடுகளும் எழுதப்பட்ட உறை இரு பொறுப்பாளர்களிடம் தனித்தனியே இருக்கட்டும். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். நம் அமைப்புகளில் சாவிகள் எப்போதும் ஆண்களிடமே தங்கிவிடுகின்றன.