திருநின்றவூருடையான் எழுத்தும் வரி முறிவும்

திருமலை, திருப்பதி, திருச்சானூர் கோயில்களில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அவற்றுள் விஜயநகர ஆட்சிக்காலத்துச் சாசனங்களை அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, ஒரே ஓலையைப் பெயர் மாற்றிப் பலமுறை எழுதியதுபோலத் தோன்றும். சகாப்த ஆண்டும் திதியும் நட்சத்திரமும் முதலில் வர, கோயில் நிர்வாகிகளாகிய தானத்தார் இன்னாருக்குச் சிலாசாசனம் பண்ணிக் கொடுத்த செய்தி தொடர, அவர் செலுத்திய நற்பணம், அதைக் கொண்டு ஏரி கால்வாய் திருத்துவது, அவ்வருவாயில் படைக்க வேண்டிய திருப்போனகம் என்னும் அமுது, அதில் கொடையாளிக்கு உரிய நாலில் ஒரு பங்காகிய 'விட்டவன் விழுக்காடு' என வரிசை பிறழாமல் செல்லும் வாசகம், கோயில் கணக்கு திருநின்றவூருடையான் எழுத்து என்ற ஒப்பத்தோடு முடிகிறது. அது தனி ஒருவரின் பெயரன்று. தலைமுறைகளாகக் கோயில் கணக்கு எழுதியவர்கள் அனைவரும் அப்பெயராலேயே ஒப்பமிட்டனர்.

வாசகத்தில் இத்தனை ஒழுங்கு காட்டிய கணக்கர்கள், வரி எங்கே முறிய வேண்டும் என்பதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சொற்களுக்கிடையே வெளியோ நிறுத்தற்குறியோ இன்றி ஓடும் எழுத்து, கல்லின் விளிம்பு வந்ததும், 'திருப்போ' என நின்று அடுத்த வரியில் 'னகம்' எனத் தொடர்வதுபோலச் சொல்லின் நடுவிலேயே மடங்கும். வரி முறிவு கல்லைச் சேர்ந்ததேயன்றிச் சாசனத்தைச் சேர்ந்ததன்று. ஆகவே வேறொரு சுவரில் மீண்டும் பொறித்தாலும் பொருள் குன்றுவதில்லை. வரிக்கு எண் இடும் வழக்கம், படியெடுத்துப் பதிப்பிக்கும் கல்வெட்டாய்வாளர்களுடையது.

முறிவே ஓர் எழுத்தாக மாறியது தொலையச்சுப் பொறியின் காலத்தில்தான். அச்சுத்தலையை இடப்புறம் மீட்கவும் தாளை ஒரு வரி மேலேற்றவும் தனித்தனிக் கட்டளைகள் வேண்டியிருந்தமையால், கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும், 1963இல் வெளியான ஆஸ்கி குறிமுறை அவற்றுக்கு முறையே 13, 10 என்னும் எண்களை வழங்கியது. பொறி வழக்கொழிந்தும் எண்கள் ஒழியவில்லை. மின்னஞ்சல் நெறிமுறை இரண்டையும் சேர்த்தே கேட்கிறது; எக்செல் விரிதாளின் கட்டத்துக்குள் ஆல்ட்டும் என்டரும் அழுத்தினால் 10 மட்டுமே பதிகிறது; வலைப்பக்க நடையில் அமைந்த கடிதமோ இரண்டையுமே வெறும் இடைவெளியாகக் கொள்கிறது. விரிதாளுக்குள் எழுதப்படும் கட்டளைத் தொடராகிய மேக்ரோ, நன்கொடையாளர் பெயரையும் முகவரியையும் தொகையையும் எடுத்துப் பற்றுச்சீட்டுக் கடிதம் அனுப்புகையில், நான்கு வரி முகவரி ஒரே வரியாகச் சரிந்துவிடுவது இதனால்தான். ஒவ்வொரு 10ஐயும், வலைப்பக்க நடையில் வரி முறிவைக் காட்டும் 'பிஆர்' என்னும் குறியாக மாற்றிய பின்னரே கட்டத்தின் வாசகத்தைக் கடிதத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது.