அந்தோ!

'ஐயோ' என்று வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். 'அந்தோ' என்றால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் எட்டிப் பார்க்கிறது. பழைய இலக்கண உரைகள் இதைச் சிங்களத்திலிருந்து வந்த திசைச் சொல் என்கின்றன. வடமொழியிலே 'ஹந்த' என்று ஒரு சொல் உண்டு. அமரகோசம் அதற்குத் துக்கத்தோடு சந்தோஷத்தையும் பொருளாகச் சொல்கிறது. இரண்டும் உறவோ இல்லையோ, குணம் ஒன்றுதான்.

இந்தக் கலவைக்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். மலைக்கோட்டையில் ஏறி நின்று வடக்கே ஸ்ரீரங்கத்தைப் பாருங்கள், போதும்.

1732-ல் விஜயரங்க சொக்கநாதர் பிள்ளையில்லாமல் மறைய, ராணி மீனாட்சி பட்டத்துக்கு வந்தார். துணைக்கு வந்த சந்தா சாகிபு குரான் மீது ஆணையிட்டாராம். ஆனால் பட்டுத் துணிக்குள் இருந்தது வெறும் செங்கல்லாம். கோட்டை போயிற்று. ராணி விஷம் குடித்தார் என்பார்கள். இதற்கு 'ஐயோ' என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

1752-ல் அதே சந்தா சாகிபு, பிரெஞ்சுப் படையோடு ஸ்ரீரங்கத்தில் அகப்பட்டுக்கொண்டார். உயிர் பிழைக்க வேண்டி, தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பி அவருடைய பாசறைக்குப் போனார். மானோஜியும் சத்தியம் செய்துதான் கொடுத்திருந்தார்! சில நாளில் சந்தா சாகிபின் தலை போயிற்று.

ஆணையென்று செங்கல்லைக் காட்டியவருக்குக் கிடைத்த ஆணையும் செங்கல்லாகவே இருந்தது. சிரிக்க எனக்கு மனமில்லை. கண்ணீரும் வர மறுக்கிறது. நடுவிலே நிற்கிறவனுக்குத் தமிழ் ஒரு சொல்லை வைத்திருக்கிறது: அந்தோ!