நேட்டாலில் நிலைகொண்டோர்

1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் இறங்கியவரே நேட்டால் நாட்டின் முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகள். கப்பற் பதிவேடுகளில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதியும் எழுதப்பட்டது. சாதியும் கப்பலேறியது போலும்! அவ்வாறு சென்றோருள் நம்மவர் பலர் இருந்தமை அப்பதிவேடுகளாலேயே தெரிகிறது.

கரும்புத் தோட்டத்தில் 5 ஆண்டு ஒப்பந்தம். தொடக்கக் கூலி மாதம் 10 ஷில்லிங், உணவும் உறைவிடமும் தனி. தவணை முடிந்தும் பலர் ஊர் திரும்பவில்லை. சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாதவர் எதை நாடித் திரும்புவர்? டர்பனைச் சுற்றிக் குத்தகைக்கு நிலம் பிடித்தனர்; காய்கறி பயிரிட்டனர்; கூடையிற் சுமந்து விற்றனர். சிலர் இரயில்வேயிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் வேலை தேடிக்கொண்டனர்.

கூலிகளாக வேண்டப்பட்டவர், குடிகளாக வேண்டப்படவில்லை. திரும்பும் பயணத்திற்கு ஈடாக நிலம் பெறலாம் என்ற விதி 1891-இல் நீக்கப்பட்டது. 1895-ஆம் ஆண்டுச் சட்டமோ, அதன்பின் ஒப்பந்தமாகி வந்து, தவணை முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் தங்குவோர்க்கு ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதித்தது. இளைஞர்களே, கணக்கிட்டுப் பாருங்கள்: 3 பவுன் என்பது 60 ஷில்லிங், தொடக்கக் கூலியில் 6 மாதச் சம்பளம்! 1903-இல் 16 வயது மகனும் 13 வயது மகளும் இவ்வரிக்குள் கொணரப்பட்டனர். வரிக்கு அஞ்சி மீண்டும் தோட்டத்திற்கே கைந்நாட்டு வைத்தோர் பலர்.

1913-இல் சுரங்கத்தாரும் தோட்டத்தாரும் வேலைநிறுத்தம் செய்தனர். காந்தியடிகளின் தலைமையை நம் பாடநூல்கள் கூறும். கூலியிழந்து, குழந்தைகளோடு நடந்தவர் இவர்களே. 1914-இல் அவ்வரி ஒழிந்தது. புதிய கூலிகளை ஏற்றிச் செல்வது 1911-இலேயே நின்றிருந்தது.