தேடியும் கிடைக்காத தமிழ்: கணினித் தேடலின் ஒரு சிறு வரலாறு



கணினியில் குவிந்து கிடக்கும் கோப்புகளைத் தேடித் தரும் இலவச மென்பொருள் எது, அதை எவ்வாறு நிறுவுவது என்று அண்மையில் ஓர் இளம் ஆசிரியை என்னிடம் வினவினார். நிறுவுவது பத்து நிமிட வேலைதான். ஆயினும் அவ்வினா என்னை 2009ஆம் ஆண்டுக்கு இழுத்துச் சென்றுவிட்டது.

அப்போது நான் ஜோர்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறையின் மூலையில் கிடந்த பழைய கணினியை அகற்றிவிட முடிவாகியிருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் காலமான மூத்த ஆசிரியர் ஒருவர், பினாங்குத் துறைமுகத்தில் உழைத்த முதியவர்களைச் சந்தித்து, அவர்கள் சொன்ன நினைவுகளை அக்கணினியில்தான் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அச்சுப்படி எவரிடமும் இல்லை. சொன்ன முதியவர்களும் ஒவ்வொருவராக மறைந்து விட்டிருந்தனர்.

வன்தட்டில் இருந்தவற்றை எல்லாம் என் மடிக்கணினிக்குப் படியெடுத்துக்கொண்டேன். திறந்த மூலத் தேடல் கருவி ஒன்றை இறக்கி நிறுவி, ‘துறைமுகம்’, ‘கப்பல்’, ‘தோணி’ என ஒவ்வொன்றாய்த் தேடினேன். எதுவும் வரவில்லை. “ஒன்றும் இல்லை ஐயா” என்று தலைமையாசிரியரிடம் சொல்லியும் விட்டேன். அவரும் அகற்றுவதற்கான படிவத்தில் கையொப்பமிட்டார்.

மறுநாள் மனம் கேளாமல், கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கி 1999ஆம் ஆண்டுக்குரிய ஒன்றைத் திறந்தேன். திரை நிறைய முக்கால் என்னும் பின்னக்குறியும், சதக் குறியும், தலைமேல் கோடிட்ட உரோமன் எழுத்துகளும்! கணினி கெட்டுவிட்டது என்றே பலரும் எண்ணுவர். ஆனால் அது தமிழ்தான். தமிழ் உடுத்தியிருந்த பழைய உடை அது.

இதன் வரலாறு நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். அக்காலத்தில் தமிழ் எழுத்துகளுக்கென உலகப் பொதுவான குறியெண்கள் புழக்கத்தில் இல்லை. ஆகவே ஒவ்வொரு மென்பொருளும் உரோமன் எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி அமர்த்திக்கொண்டது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டுமானால் அதே எழுத்துரு வேண்டும். இக்குழப்பத்தைத் தீர்க்க, 1997 முதல் பல நாட்டுத் தமிழர்கள் இணையத்தில் விவாதித்து ‘திஸ்கி’ என்னும் குறியீட்டை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என வேறு இரண்டை ஏற்றது. தீர்வுக்குத் தீர்வு, குழப்பத்துக்குக் குழப்பம்!

திஸ்கியில் ‘அ’ என்னும் எழுத்தின் எண் 171. ஒருங்குறியில் அதே எழுத்தின் எண் 2949. நாம் தட்டும் சொல்லைக் கருவி எண்களாகவே ஒப்பிடுகிறது. எண் வேறானால் சொல் இல்லை என்கிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. திஸ்கியில் ‘பெ’ என எழுதினால் நாம் கையால் எழுதுவதுபோலவே கொம்பு முதலில் பதிவாகும், பகரம் பின்னர். ஒருங்குறியிலோ பகரம் முதலில், கொம்பு அடுத்து. முதலாம் ஆண்டு மாணவர்க்கு எழுத்துச் சொல்லித் தருவோர்க்கு இதன் சுவை புரியும்.

ஒருங்குறியில் தமிழ் 1991லேயே இடம்பெற்றுவிட்டது. எனினும் விண்டோஸ் 2000 வந்த பிறகே அது சாதாரணக் கணினிகளை எட்டியது. விண்டோஸ் எக்ஸ்பியில்கூட வட்டார அமைப்புப் பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவல் வட்டிலிருந்து நாமே சேர்க்க வேண்டியிருந்தது. ஆப்பிள் கணினிகளில் 2005இன் 10.4 பதிப்பில் தமிழ் வந்தது.

அதன் பிறகும் தேடல் நேராகிவிடவில்லை. டக் கட்டிங் 1999இல் எழுதிய ‘லூசீன்’ என்னும் திறந்த மூல நிரல்தொகுதி, பல தேடல் கருவிகளுக்கு அடித்தளமாயிற்று. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போல், எச்சொல் எக்கோப்பில் உள்ளது என்று அது முன்கூட்டியே அட்டவணை இட்டுவிடும். ஆனால் அதன் பொதுவான சொற்பிரிப்பு முறை, 2011இல் 3.1 பதிப்பு வரும்வரை, நம் துணைக்குறிகளையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தாக மதிக்கவில்லை. அவை வந்த இடமெல்லாம் சொல்லை வெட்டியது. அம்முறையில் ‘பிள்ளை’யும் ‘புள்ளி’யும் ஒன்றே: ஒரு பகரம், இரண்டு ளகரம்!

இனி, அவ்வாசிரியையின் வினாவுக்கு வருகிறேன். ‘டாக்ஃபெட்சர்’ ஜாவாவில் எழுதப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். நிறுவாமலே விரலியில் வைத்துப் பயன்படுத்தும் வடிவமும் உண்டு. லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு ‘ரீகால்’ என் பரிந்துரை. உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். எதுவாயினும் வேற்றுமை உருபுகளை மறவாதீர்கள். ‘துறைமுகம்’ என்று தேடினால் ‘துறைமுகத்தில்’ அகப்படாமல் போகலாம். ‘துறைமுக’ என எழுதி நட்சத்திரக் குறி இடுக.

பழைய கோப்புகளை மட்டும் முதலில் ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும். நான் அன்று சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றியைக் கொண்டு ஒவ்வொரு கோப்பாக ஒட்டி ஒட்டி மாற்றினேன். மூன்று இரவுகள் ஆயின. பதினேழு நினைவுக் குறிப்புகள் வெளிவந்தன. தலைமையாசிரியரிடம் சென்று, நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவர் படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. அவருடைய தந்தையாரும் துறைமுகத் தொழிலாளிதான்.

இரண்டு கோப்புகள் மட்டும் எந்த மாற்றிக்கும் பிடிபடவில்லை. அவை எந்த எழுத்துருவில் தட்டப்பட்டவை என்று இன்றுவரை எனக்குப் புலப்படவில்லை. 1990களில் பினாங்கில் புழங்கிய தமிழ் எழுத்துரு வட்டுகள் எவர் வீட்டு அலமாரியிலேனும் இருப்பின், அருள்கூர்ந்து எறிந்துவிடாமல் எனக்குத் தெரிவியுங்கள்.