எதை எப்போது கைவிடுவது: பெரிய கட்டடப் படங்களும் கணினி நினைவகமும்

ஏ0 தாளின் அளவு 841 × 1189 மில்லிமீட்டர். கட்டடக்கலைப் போட்டிகளின் காட்சிப் பலகைகளுக்கு இது பழகிப்போன அளவு. அதை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, படம் 9,933 × 14,043 பிக்சல் இருக்க வேண்டும். ஏறத்தாழ 13 கோடியே 95 லட்சம் பிக்சல். ரெண்டர் செய்யும், அதாவது மாதிரியிலிருந்து படத்தைக் கணித்துத் தரும், மென்பொருள் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என நான்கு மதிப்புகளை, மதிப்புக்கு 4 பைட் வீதம் வைத்திருந்தால் மொத்தம் 223 கோடி பைட். 32 பிட் விண்டோஸ் ஒரு நிரலுக்கு வழக்கமாக விட்டுக்கொடுத்த இடமோ 2 ஜிகாபைட், அதாவது சுமார் 215 கோடி பைட். ஒரு சுவரோ ஒரு விளக்கோ உள்ளே வருவதற்கு முன்பே வெற்றுப் படம் மட்டும் இடத்தை நிரப்பி வழிகிறது. ரேம் மலிந்ததும் 64 பிட் வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது என்பது பரவலான நம்பிக்கை. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எந்தத் தரவு எதுவரை தேவை, எந்த நொடியில் அதைக் கைவிடலாம் என்பதற்கு ஒரு வரிசை அமைந்தபோதெல்லாம்தான் முட்டுக்கட்டை விலகியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1960களின் பிற்பகுதியில் உருவான முறைகள் படத்தை ஒவ்வொரு கிடைவரியாகக் கணித்தன. ஒரு வரி முடிந்ததும் அது வெளியே போய்விடும். அடுத்த வரி அதே இடத்தில் உட்காரும். 1974இல் எட்வின் காட்மல் தம் ஆய்வேட்டில் முன்வைத்த ஆழ இடையகம் இதற்கு நேர் எதிரானது. படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆழ மதிப்பு ஒன்றை அது கடைசிவரை வைத்திருக்கும். 512 × 512 படத்துக்கு 16 பிட் ஆழம் என்றால் அரை மெகாபைட். அக்காலக் கணினிக்கு அது பெருஞ்செலவு. மறைபரப்புகளை நீக்கும் பத்து வழிமுறைகளை அதே ஆண்டில் ஒப்பிட்ட சதர்லேண்ட், ஸ்ப்ரௌல், ஷூமாக்கர் மூவரும் இப்படிப்பட்ட முரட்டு வழியைக் கட்டுப்படியாகாதது என்றே ஒதுக்கினர். நினைவகச் சில்லுகள் மலிந்ததும் அதுவே எங்கும் பரவியது. நினைவகம் கூடினால் போதும் என்போருக்கு இது வலுவான சான்றுதான். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அதே காட்மல், ராபர்ட் குக், லோரன் கார்பென்டர் ஆகியோருடன் சேர்ந்து 1987இல் வெளியிட்ட ரேயஸ் கட்டமைப்பு, படத்தை மறுபடியும் சிறு கட்டங்களாக வெட்டியது. ஒரு கட்டத்துக்குள் வரும் பரப்புகளைப் பிக்சலைவிடச் சிறிய நுண்பலகோணங்களாக நறுக்கி, நிறம் கணித்து, பயன்படுத்தி, உடனே எறிந்துவிடும். திரைப்படத்துக்கு வேண்டிய அளவு நுணுக்கத்தை எந்த நினைவகமும் ஒருசேரத் தாங்காது என்று அவர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள்.

ரேயஸ் தந்த விலை ஒன்று உண்டு. ஒளிக்கதிர்களின் பாதையைத் தொடர்ந்து கணிக்கும் ரே டிரேசிங்கை அது கூடியவரை தவிர்த்தது. கண்ணாடியில் தெரியும் எதிரொளியைக்கூட முன்பே செய்துவைத்த படமொன்றை ஒட்டிச் சமாளித்தது. கார்ட்டூன் பாத்திரத்துக்கு அது போதும். கட்டடத்துக்குப் போதாது, ஏனென்றால் ஓர் அறை எப்படித் தெரியும் என்பதைத் தரையில் விழுந்து சுவரில் ஏறிக் கூரைக்குப் போகும் வெளிச்சமே முடிவுசெய்கிறது. டர்னர் விட்டட் 1980இல் வெளியிட்ட ரே டிரேசிங் முறையில், எதிரொளிக்கும் கதிர் காட்சியின் எந்த மூலைக்கும் ஓடலாம். படத்தை எத்தனை துண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டுக்கும் முழுக் காட்சி வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1984இல் தோன்றிய ரேடியாசிட்டி இன்னும் கடுமை. அங்கே ஒவ்வொரு பரப்புத்துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளோடும் உறவு வைத்திருக்கும். ஒரு லட்சம் துண்டுகள் இருந்தால் ஆயிரம் கோடி உறவு மதிப்புகள். மதிப்புக்கு 4 பைட் என்றால் 40 ஜிகாபைட். 1988இல் கோஹென், சென், வாலஸ், கிரீன்பெர்க் நால்வரும் அந்த அட்டவணையைச் சேமிப்பதையே கைவிட்டனர். மிகுதியாக ஒளி உமிழும் துண்டை முதலில் எடுத்து, அதன் உறவுகளை மட்டும் அப்போதைக்குக் கணித்து, ஒளியைப் பகிர்ந்துவிட்டு அழித்துவிடுவது அவர்கள் வழி. துண்டுகளின் இருமடிப் பெருக்கமாக வளர்ந்த நினைவகத் தேவை துண்டுகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமாகக் குறைந்தது. எந்தச் சில்லும் இந்த வேறுபாட்டைத் தந்திருக்க முடியாது.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்தது. அங்கே 1994இல் திறக்கப்பட்ட சோடா ஹால் என்ற ஏழு மாடிக் கட்டடம், மண்ணில் எழும்பி முடிவதற்கு முன்பே கணினிக்குள் மாதிரியாக எழும்பியிருந்தது. நாற்காலி, மேசை உட்பட யாவும் சேர்ந்த அந்த மாதிரியை அன்றைய கணினி ஒருமொத்தமாகக் கையாள இயலாது. செத் டெல்லரும் கார்லோ செக்வினும் 1991இல் கண்டது எளிமையானது, ஆழமானது: கட்டடத்தின் சுவர்களே கணக்கைப் பிரித்துத் தருகின்றன. ஓர் அறையில் நிற்பவருக்குக் கதவு, சாளரம் ஆகிய திறப்புகளின் வழியாக மட்டுமே பிற அறைகள் தெரியும். எனவே மாதிரியைப் பெரும் சுவர்களின் வழியே அறைகளாகப் பிரித்து, எந்த அறையிலிருந்து எந்த அறை தெரியும் என்பதை முன்பே கணித்து வைத்தார்கள். அடுத்த ஆண்டில் தாமஸ் ஃபங்க்ஹவுசர் அவர்களோடு சேர்ந்து, நடப்பவர் நிற்கும் அறைக்கும் அவர் விரைவில் போகக்கூடிய அறைகளுக்கும் வேண்டியதை மட்டும் வட்டிலிருந்து எடுத்துவரும் ஏற்பாட்டைச் செய்தார். 1994இல் டெல்லர், ஃபவ்லர், ஃபங்க்ஹவுசர், ஹன்ராஹன் ஆகியோர் அதே பிரிவினையை ரேடியாசிட்டிக்குப் பயன்படுத்தினர். ஒன்றையொன்று காணும் அறைகளை அடுத்தடுத்து எடுத்துக் கணிப்பதால் வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையிலான போக்குவரத்து குறைந்தது. கட்டடக்கலைப் படம் என்ற தனித்துறைக்கே உரிய விடை இது.

இதற்கு ஒரு மறுப்பு நியாயமானது. நடுமுற்றம் வானளாவத் திறந்த கட்டடத்திலும், உட்சுவர்கள்கூடக் கண்ணாடியாலான அலுவலகத்திலும் எல்லாம் எல்லாவற்றையும் காண்கின்றன. சுவர் தரும் பிரிவினை அங்கே உடைகிறது. மேட் ஃபார், கோல்ப், கெர்ஷ்பெய்ன், ஹன்ராஹன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதிலாக அமைந்தது. அவர்கள் சுவரை நம்பவில்லை. இடத்தைக் கற்பனைப் பெட்டிகளாகப் பிரித்தார்கள். கதிர் ஒரு பெட்டிக்குள் நுழையும்போது அதன் உள்ளடக்கம் நினைவகத்தில் இல்லாவிட்டால், கதிர் வாசலில் காத்திருக்கும். போதிய கதிர்கள் சேர்ந்த பிறகே பெட்டி வட்டிலிருந்து வரும். வந்ததும் எல்லாக் கதிர்களும் ஒரே மூச்சில் கணிக்கப்படும். ஒவ்வொரு கதிரும் தன் பங்கைப் பிக்சலில் தனியே சேர்ப்பதால் வரிசை மாறினாலும் விடை மாறாது. நினைவகத்தைவிடப் பல மடங்கு பெரிய காட்சிகள் இப்படி ரெண்டர் ஆயின.

படத்தை வெட்டுவதிலும் ஓர் இக்கட்டு இருக்கிறது. பெரிய படத்தைப் பட்டைகளாக ரெண்டர் செய்து ஒட்டியவர்கள் அறிவார்கள்: வெள்ளைச் சுவரின் நடுவே, பட்டைகள் சேரும் இடத்தில், வெளிச்சம் மயிரிழை அளவு மாறியிருக்கும். மறைமுக ஒளியைச் சில புள்ளிகளில் மட்டும் கணித்து இடையில் நிரப்பும் முறையை 1988இல் கிரெக் வார்டும் உடன் ஆய்வாளர்களும் தந்தார்கள். ஒவ்வொரு பட்டையும் தனக்கெனப் புள்ளிகளைத் தேர்ந்தால் இந்தத் தழும்பு விழும். வார்ட் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவாக்கிய ரேடியன்ஸ் மென்பொருள் இதைச் செம்மையாகத் தீர்த்தது. படத்தைத் துண்டுகளாகப் பல நிரல்கள் கணிக்கும். மறைமுக ஒளி மதிப்புகளை மட்டும் எல்லாம் ஒரே கோப்பில் எழுதும், ஒரே கோப்பிலிருந்து படிக்கும். பிக்சலுக்கு 12 பைட் தேவைப்பட்ட நிற மதிப்பை நான்கு பைட்டில் அடக்கியதும் அதே மென்பொருள்தான். பின்னாளில் வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள், ஒளிவரைபடத்தைச் சிறிய அளவில் முதலில் கணித்துக் கோப்பில் சேமித்து, அதைக்கொண்டே பெரிய படத்தை ரெண்டர் செய்ததும், முழுப்படத்தை நினைவகத்தில் வைக்காமல் நேரே வட்டில் எழுதியதும் இந்த வழியின் தொடர்ச்சியே. துண்டாக்கத் தக்கதையும் பொதுவாக வைக்க வேண்டியதையும் பிரித்தறிவதில்தான் திறமை இருக்கிறது.

இத்தனை பிக்சல் எதற்கு, பெரிய படத்தைத் தொலைவிலிருந்துதானே பார்க்கிறோம் என்று கேட்கலாம். சாலையோரப் பதாகைக்கு அது முற்றிலும் சரி. அதற்கு 300 புள்ளி வீண். போட்டிப் பலகையை நடுவர் ஒரு முழத் தொலைவில் குனிந்து பார்க்கிறார்; கைப்பிடிக் கம்பியும் கல்லின் இணைப்பும் அங்கே தெரிந்தாக வேண்டும். பாதியாக, 150 புள்ளிக்கு இறங்கினால் தேவை நான்கில் ஒன்றாகி 56 கோடி பைட்டுக்கு வருவது உண்மை. ஆனால் அது படத்தின் சுமையைத்தான் குறைக்கும். காட்சியில் இருக்கும் மரங்களின் இலைகளும் டெக்ஸ்சர்களும் அப்படியே நிற்கும். 64 பிட் பற்றிய வாதத்துக்கும் இதே பதில் பொருந்தும்: முகவரி எல்லை அகன்றதும் காட்சிகளும் கூடவே வளர்ந்தன. பிறகு ரெண்டரிங் கிராபிக்ஸ் அட்டைக்கு மாறியபோது, அட்டையின் சிறிய நினைவகத்தால் பழைய நெருக்கடி அப்படியே திரும்பி வந்தது.

2021 டிசம்பரில் வெளியான பிளெண்டர் 3.0 மென்பொருள் இந்த நெருக்கடியைத் தெளிவாகக் காட்டுகிறது. அதன் சைக்கிள்ஸ் ரெண்டரர், டைல்கள் எனும் சிறு துண்டுகளில் வேலை செய்யும் பழைய வழக்கத்தை விட்டு முழுப் படத்தையும் ஒருசேரக் கணிக்க மாறியது. ஆயினும் 2048 பிக்சலை மீறும் படங்களை அது தானாகவே டைல்களாகப் பிரித்து, முடிந்த டைல்களை வட்டில் வைக்கிறது. இவ்வளவு கவனமாகச் சேமித்த நினைவகத்தை இறுதிக்கட்டம் கேட்டு வாங்கிக்கொள்கிறது: படத்தில் தெரியும் பொரிப்புள்ளிகளை அகற்றும் இரைச்சல் நீக்கம் அக்கம்பக்கப் பிக்சல்களைப் பார்த்தே முடிவெடுப்பதால், முழுப் படமும் வட்டிலிருந்து மீண்டும் நினைவகத்துக்கு வருகிறது. டைல் டைலாகக் கணிப்பு முடிந்த படம் கடைசி நிமிடத்தில் கவிழ்வது இதனால்தான். இன்டெல் 2019இல் வெளியிட்ட இரைச்சல் நீக்க நூலகம், நினைவகத்துக்கு ஓர் உச்சவரம்பு கொடுத்தால் படத்தைத் துண்டாக்கி, துண்டுகளின் விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டுக் கணிக்கிறது. விளிம்புகள் இருமுறை கணிக்கப்படுகின்றன. அந்த அளவுக்கு நேரம் கூடுகிறது, தழும்பு விழுவதில்லை.