குருதிச் சுத்திகரிப்பு நோயாளரிடையே ஹெப்படைற்றிஸ் சி

சிறுநீரகம் செயலிழந்து இயந்திரத்தின் துணையோடு குருதியைச் சுத்திகரிப்போரை, மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பற்றிவந்த ஈரல் தொற்று. வழமையாக வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் சிகிச்சை நடக்கும். ஒரே அறையில் பலர் படுத்திருக்க, அதே தாதியர் கட்டில் கட்டிலாகப் போய்வருவர். யாழ்ப்பாணத் தீவுகளில் ஒன்றான புங்குடுதீவின் மடத்துவெளியிலிருந்து இச்சிகிச்சைக்காக யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போவோர் வாணர் தாம்போதி கடந்து, வேலணை வழியாகப் பண்ணைப் பாலத்தைத் தாண்ட வேண்டும். நெடுந்தீவாருக்கு அதற்கு முன் குறிகட்டுவான் வரை படகுப் பயணமும் உண்டு. இப்படி வருவோர் ஒரு சிகிச்சைப் பிரிவு பிடிக்காவிட்டால் இன்னொன்றைத் தேடிப் போவது எளிதல்ல. ஆகவே அந்த ஓர் அறையின் துப்புரவிலேயே அவர்களுடைய ஈரலின் நலமும் தங்கியிருக்கிறது.

சி வைரசுக்குப் பெயர் வருமுன்பே அச்சம் வந்துவிட்டது. 1969–70இல் எடின்பரோவில் சுத்திகரிப்புப் பிரிவொன்றில் பரவிய ஹெப்படைற்றிஸ் பி, நோயாளரோடு பணியாளரையும் பலிகொண்டது. அத்தகைய அனுபவங்களால் பி தொற்றியோருக்குத் தனி அறை, தனி இயந்திரம் என்ற வழக்கம் வேரூன்றியது. பி அடங்கியும் ஈரல் அழற்சி ஓயவில்லை. ஏ வைரசும் இல்லை, பி வைரசும் இல்லை என்று 1975இல் ஹார்வி ஆல்ட்டரும் உடன் ஆய்வாளரும் காட்டிய அந்த மர்ம நோய்க்கான சி வைரசை 1989இல் மைக்கேல் ஹூட்டன், சூ, குவோ, பிராட்லி ஆகியோர் இனங்கண்டனர். அதே ஆண்டில், சோகையைத் தணிக்கும் எரித்ரோபொயட்டின் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது தற்செயல்தான். ஆனால் இத்தொற்றின் வரலாற்றில் இரண்டுக்கும் சம இடம் தரலாம். அதுவரை சோகைக்கு அடிக்கடி குருதி ஏற்ற வேண்டியிருந்தது. கொடையாளரின் குருதியைச் சோதிக்கவோ வழியில்லை. இந்தியாவில் இச்சோதனை கட்டாயமானது 2001இல்தான்.

குருதி ஏற்றுவது குறைந்த பின்னும் தொற்று எஞ்சியது. 1996–2002இல் ஏழு செல்வந்த நாடுகளில் குருதிச் சுத்திகரிப்பு நோயாளரிடம் நடந்த டொப்ஸ் ஆய்வில் தொற்றியோர் சராசரி 13.5 சதவீதம், இடத்துக்கிடம் 2.6 முதல் 22.9 வரை வேறுபட்டது. பழி முதலில் இயந்திரத்தின் மேல் விழுந்தது. வடிகட்டிச் சவ்வின் துளைகளோ வைரசைவிடச் சிறியவை. மாற்றாத கையுறை, துடைக்காத மேசை, பலருக்குப் பொதுவான மருந்துக் குப்பி ஆகியவையே பெரும்பாலும் வழியாயின. 2015இல் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சிறுநீரக விடுதியில் 25 பேருக்குத் தொற்றியபோதும், விசாரணைக்குழு தொற்றுத் தடுப்பு நடைமுறைகளில் இருந்த குறைகளையே சுட்டியது. சி தொற்றியோருக்குத் தனி இயந்திரம் தேவையில்லை என்கிறது சிறுநீரக நோய்க்கான கேடிகோ வழிகாட்டி. ஆயினும் இந்தியாவில் பல பிரிவுகள் ஒதுக்கியே வைக்கின்றன. ஒதுக்கிய இயந்திரம் ஒரு தைரியம் தரும். அந்தத் தைரியத்தில் கை கழுவுவது தளர்ந்தால் பயனில்லை.

சிகிச்சையும் நெடுங்காலம் கைக்கு எட்டவில்லை. அப்போதிருந்த மருந்துகளில் இன்டர்பெரோனைப் பலரால் தாங்க முடியவில்லை; ரிபவிரின் உடலில் தேங்கிச் சோகையை மேலும் மோசமாக்கியது. 2013 இறுதியில் அனுமதி பெற்ற சொபோஸ்புவிர் சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்து என்பதால் இவர்களுக்குக் கொடுக்கத் தயங்கினார்கள். அடுத்த ஆண்டே இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று அதை மலிவாகத் தயாரிக்க, இந்திய வைத்தியர்கள் துணிந்து கொடுத்துப் பார்த்தனர். சுத்திகரிப்பு நோயாளருக்கு அதைக் கொடுக்க அமெரிக்காவின் முறையான ஒப்புதல் 2019இல்தான் வந்தது. இதற்கிடையே கிரசோபிரெவிர்–எல்பாஸ்விர், கிளெகாபிரெவிர்–பிப்ரெண்டாஸ்விர் என்ற இரண்டு சேர்மானங்கள், சிறுநீரகம் பழுதானோரில் நடந்த சோதனைகளில் 12 வாரத்தில் 98 சதவீதத்துக்குக் குறையாமல் குணப்படுத்தின.

குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம். அவர் குருதியில் பிறபொருளெதிரி நிலைத்திருப்பதால் சாதாரணச் சோதனை உதவாது, வைரசின் ஆர்.என்.ஏ.யையே தேட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை.